ஒரே இடம், ஓராண்டு: கடலூர், புதுச்சேரிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு உள்ளூர் உயிரினங்களை அறிமுகப்படுத்துவது எப்படி

பள்ளிகளின் சுற்றுச்சூழல் மன்றச் சுவர்களில் பெரும்பாலும் புலி இருக்கும், யானை இருக்கும், உருகும் பனிப்பாறையின்மேல் நிற்கும் பனிக்கரடியும் இருக்கும். அதே சுவருக்கு வெளியே, வேலியோரத்து எருக்கஞ்செடியில், கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு புழு இலையைத் தின்றுகொண்டிருக்கும். அந்தப் பக்கமாக நாள்தோறும் நடந்துவரும் நானூறு பிள்ளைகளில் ஒருவரும் அதைக் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். பனிக்கரடிக்காக வருத்தப்படக் கற்றுக்கொடுத்துவிட்டோம், எருக்கஞ்செடியைப் பார்க்கக் கற்றுக்கொடுக்கவில்லை. அந்தக் குறையைச் சரிசெய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் உதவும் பொருட்டு இக்குறிப்புகளை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

நான் தொடங்கிய விதம் தவறானது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளியிலிருந்து ஐம்பத்திரண்டு பிள்ளைகளை ஒரே பேருந்தில் ஏற்றி ஏரிக்கு அழைத்துச் சென்றோம். சிற்றுண்டி, வருகைப்பதிவு, வாழ்த்துரை எல்லாம் முடிந்து கரையில் இறங்கியபோது மணி பதினொன்றாகிவிட்டது. இருந்தவை இரண்டே தொலைநோக்கிகள். வெயிலில் பறவைகள் நாணலுக்குள் ஒதுங்கிவிட்டன. தொலைவில் கறுப்பாக மிதந்த கூட்டம் ஒன்றைக் காட்டி, "அவை வாத்துகள்" என்று நான் சொன்னேன். பின்னால் நின்ற ஏரிக்கரைக் கிராமத்துப் பையன் ஒருவன் மெதுவாக, "சார், அது வாத்து இல்ல, நாமக்கோழி" என்றான். அவன் சொன்னதுதான் சரி. நெற்றியில் நாமம் இட்டதுபோல் வெள்ளைத் தகடு கொண்ட அந்தப் பறவை தாழைக்கோழிகளின் இனத்தைச் சேர்ந்தது, அதன் கால்விரல்களில் வாத்துக்கு உள்ளதுபோன்ற முழுச்சவ்வும் கிடையாது. அன்று உருப்படியாக ஏதேனும் கற்றுக்கொண்டவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

ஆண்டுக்கு ஒருமுறை தொலைவான ஓரிடத்துக்குப் போவதைக் காட்டிலும், நடந்துபோகும் தொலைவில் உள்ள ஒரே இடத்துக்கு ஓராண்டு முழுவதும் திரும்பத் திரும்பப் போவதே பயன் தரும் என்பதும், பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரிந்ததைக் கேட்டுக்கொண்டு அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதும் அந்தப் பேருந்துப் பயணத்திலிருந்து எனக்குக் கிடைத்த பாடங்கள். இனி வருவன யாவும் அவற்றிலிருந்து விளைந்தவையே.

இடம்

பள்ளியிலிருந்து பத்து நிமிட நடையில் சென்று சேரக்கூடிய இடமாகத் தேர்ந்துகொள்ளுங்கள். அது அழகான இடமாக இருக்க வேண்டியதில்லை. கெடிலம் ஆற்றின் கரை, ஊர்க்குளம், பாகூர் ஏரிக்கரையின் ஒரு பகுதி, தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு நூறு அடி, புதுச்சேரி பாரதி பூங்காவின் ஒரு மூலை, பள்ளிக்குப் பின்னுள்ள தரிசு ஆகிய எதுவும் போதும். கொஞ்சம் நீரும் கொஞ்சம் நிழலும் வெட்டப்படாத கொஞ்சம் புதரும் இருந்தால் உயிரினங்களுக்குக் குறைவிராது. புதர் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனெனில் "சுத்தப்படுத்துகிறோம்" என்று நாம் முதலில் வெட்டித் தள்ளுவது அதைத்தான். புதர் போனால் தவிட்டுக்குருவிகளும் தேன்சிட்டுகளும் கீரிப்பிள்ளையும் அதனோடு போய்விடும்.

பிள்ளைகளை அழைத்துச் செல்வதற்கு முன் நீங்கள் தனியே இரண்டு முறையாவது போய்வர வேண்டும். காலை ஆறரை மணிக்கு ஒருமுறையும் மாலை நான்கரை மணிக்கு ஒருமுறையும் சென்று, நிழல் எங்கே விழுகிறது, சரிவு எங்கே வழுக்குகிறது, முள் எங்கே கிடக்கிறது, குளவிக்கூடு உண்டா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியரின் அனுமதியையும் பெற்றோரின் கையெழுத்தையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். சரணாலய எல்லைக்குள் செல்வதாக இருந்தால் வனத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்பது என் கணக்கு. நீர்நிலையாக இருந்தால் ஆறு பேருக்கு ஒருவர் இருக்க வேண்டும். வகுப்பு பெரியதாக இருந்தால் பாதிப் பேரை ஒரு வாரமும் மீதிப் பேரை மறு வாரமும் அழைத்துச் செல்லலாம். ஐம்பது பேரோடு ஒரு குயிலைக்கூடப் பார்க்க முடியாது.

முதல் நடை

முதல் நாளில் எதற்கும் பெயர் சொல்லாதீர்கள். பெயரைச் சொன்னவுடன் பிள்ளை பார்ப்பதை நிறுத்திவிட்டு எழுதத் தொடங்கிவிடும். ஒவ்வொருவருக்கும் அரைத்தாள் ஒன்றும் பென்சில் ஒன்றும் கொடுத்து, தாளின் நடுவில் ஒரு பெருக்கல் குறி இடச் சொல்லுங்கள். அந்தக் குறி அவர்கள் அமர்ந்திருக்கும் இடத்தைக் குறிக்கும். பத்து நிமிடம் ஒருவரோடு ஒருவர் பேசாமல் அமர்ந்து, காதில் விழும் ஒவ்வோர் ஒலியையும் அது வந்த திசையில், வந்த தொலைவுக்கு ஏற்பக் குறிக்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் ஒலியையே எழுதலாம், அலையலையாகக் கோடு கிழித்தும் காட்டலாம்.

முதல் மூன்று நிமிடம் சிரிப்பிலேயே போய்விடும், அதற்குக் கோபப்பட வேண்டாம். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு மாறுதல் தெரியும். வேலியோரத்தில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று சருகைப் புரட்டிக்கொண்டே நகரும்; ஒன்று கத்தினால் மற்றவை எல்லாம் கத்தும். அதைக் கேட்ட பிள்ளைகளின் தலைகள் ஒரே திசையில் திரும்பும். பேருந்து ஒலிப்பான், கோயில் ஒலிபெருக்கி, மீன்காரம்மாவின் குரல் ஆகியவையும் தாளில் வரட்டும். அவையும் அந்த இடத்தின் பகுதிகளே. திரும்பி வந்ததும் எல்லாத் தாள்களையும் தரையில் அடுக்கிவைத்து, ஒருவர் கேட்டு மற்றவர் கேட்காத ஒலி எது என்று விசாரியுங்கள். அடுத்த வாரம் எதைத் தேடிப் போக வேண்டும் என்பது அந்த உரையாடலிலேயே தெரிந்துவிடும்.

குறிப்பேடு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு முறையும் நாள், நேரம், வானிலை, பார்த்தது, எத்தனை, என்ன செய்துகொண்டிருந்தது, ஒரு கேள்வி என்ற வரிசையில் எழுதச் சொல்லுங்கள். இவற்றில் கேள்விதான் முக்கியம். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியிருந்த பக்கம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. "மேகம். காற்று இல்லை. மின்கம்பியில் கரிச்சான் 1. காக்கையைத் துரத்தியது. காக்கை பெரியது, ஏன் ஓடியது?" என்று எழுதி, பக்கத்தில் பிளவுபட்ட வால் ஒன்றை மட்டும் வரைந்திருந்தாள். உடலை வரைய நேரம் இல்லையாம். அந்த வாலை வைத்தே எந்தப் பறவைப் புத்தகத்திலும் அதைக் கண்டுபிடித்துவிடலாம்.

உயிரினங்களின் பெயர்களை வீட்டிலிருந்து வாங்கிவரச் சொல்லுங்கள். பாட்டி ஒரு பெயர் சொல்வார், மீன்பிடிக்கும் மாமா வேறொரு பெயர் சொல்வார். கரிச்சானை இரட்டைவால் குருவி என்பவர்களும் உண்டு, செம்போத்தைச் செண்பகம் என்பவர்களும் உண்டு. இவற்றில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லாமல், வகுப்பின் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி எல்லாப் பெயர்களையும் எழுதிக்கொண்டே வாருங்கள். ஐப்பசி வாக்கில் வந்து பங்குனி வரை தங்கி, அந்தி மங்கும் நேரத்தில் தோட்டத்துச் சருகுகளுக்கிடையிலிருந்து குரல் கொடுக்கும் ஒரு பறவைக்கு நம் மக்கள் ஆறுமணிக்குருவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அது எப்போது கத்தும் என்பது பெயரிலேயே இருக்கிறது. நாமக்கோழியின் பெயரிலும் அப்படித்தான் அதன் அடையாளம் இருக்கிறது. ஆங்கிலப் பெயரும் அறிவியல் பெயரும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவை இரண்டாவதாக வரட்டும்.

ஊர்ப்பெயர்களையும் இந்தப் பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாம். சிதம்பரத்தின் பழைய பெயரான தில்லை, தில்லை மரத்தால் வந்தது. கடலூர் நகரத்திலேயே உள்ள திருப்பாதிரிப்புலியூரின் பெயரில் ஒரு மரமும் ஒரு புலியும் சேர்ந்தே இருக்கின்றன. புலி தலபுராணத்தோடு நின்றுவிட்டது. பாதிரி, பாடலீசுவரர் கோயிலின் தலமரமாக நிற்கிறது. விருத்தாசலத்துக்கு வன்னி. தங்கள் தெருவின் பெயரில், குளத்தின் பெயரில் எந்த மரமும் பறவையும் ஒளிந்திருக்கின்றன என்று பிள்ளைகள் தேடத் தொடங்கினால், அந்த மரம் இப்போது அங்கே இருக்கிறதா என்ற அடுத்த கேள்வி தானாக வரும்.

எருக்கஞ்செடியும் கறிவேப்பிலையும்

பள்ளிக்கு வெளியே போகவே முடியாத நிலை இருந்தால், எருக்கஞ்செடி ஒன்றே ஒரு பருவத்துக்குப் போதுமான பாடம். வெந்தய வரியன் என்னும் பழுப்பு ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி அதன் இலையில் ஒவ்வொன்றாக முட்டையிடும். அதிலிருந்து வரும் புழுவைத்தான் முதலில் சொன்னேன். அதன் முதுகில் மூன்று இணைக் கறுப்பு இழைகள் கொம்புபோல் நீட்டிக்கொண்டிருக்கும். அது சாப்பிடும் விதத்தைப் பிள்ளைகள் அமைதியாகப் பார்க்கட்டும். இலையைத் தின்பதற்கு முன் அது நரம்பைக் கடித்து விடும். பால் அங்கே கசிந்து வடிந்த பிறகு, பால் வற்றிய பகுதியைத் தின்னத் தொடங்கும். ஒட்டும் பாலில் வாய் சிக்கிக்கொள்ளாமல் இருப்பதற்கான வழி அது. செடியிலுள்ள நஞ்சைப் புழு தன் உடலில் சேர்த்துக்கொள்வதால், வண்ணத்துப்பூச்சியான பின்னும் அது பறவைகளுக்குச் சுவைக்காது. அதன் நிறம் பளிச்சென்று இருப்பதும் அது பதறாமல் மெதுவாகப் பறப்பதும் ஏன் என்று இப்போது கேளுங்கள். யாராவது ஒரு பிள்ளை விடையைச் சொல்லிவிடும்.

புழுவைப் புட்டியில் அடைத்து வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம். செடியில் ஒரு கிளைக்கு நூல் கட்டி அடையாளம் வைத்து, நாள்தோறும் இடைவேளையில் இருவர் இருவராகப் போய்ப் பார்த்து அளவு குறித்தால் போதும். இரண்டு வாரங்களுக்குள் புழு காணாமல் போகும். அப்போது, "செத்துப்போச்சு சார்" என்று அழ வரும் பிள்ளையோடு சேர்ந்து அருகிலுள்ள இலைகளின் அடிப்புறத்தைத் தேடுங்கள். பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு கூட்டுப்புழு தொங்கிக்கொண்டிருக்கலாம். எறும்போ குளவியோ கொண்டுபோயிருக்கவும் கூடும். அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கெடுதி என்பதால் இலையைக் கிள்ளக் கூடாது என்பதையும் கை கழுவ வேண்டும் என்பதையும் தொடக்கத்திலேயே விதியாக்கிவிடுங்கள்.

வீட்டில் கறிவேப்பிலை அல்லது எலுமிச்சை உள்ள பிள்ளைகளுக்கு இதே பாடம் வீட்டிலும் உண்டு. எலுமிச்சை அழகியின் இளம் புழு பறவை எச்சம்போலவே இருக்கும். வளர்ந்த பிறகு பச்சையாக மாறும். "எங்க அம்மா மருந்து அடிக்கப் போனாங்க, நான் தடுத்துட்டேன்" என்று ஒரு பையன் பெருமையோடு சொன்னான். கறிவேப்பிலை கொஞ்சம் குறைந்ததாகவும் அம்மா அதற்காகத் திட்டியதாகவும் அடுத்த வரியிலேயே சொன்னான்.

கடற்கரை

கடற்கரைப் பள்ளிகளுக்கு இணையான ஆய்வகம் வேறு இல்லை. அலை கடைசியாகத் தொட்டுச் சென்ற கோட்டிலிருந்து தொடங்குங்கள். அந்தக் கோட்டில் ஒதுங்கிக் கிடப்பவற்றைக் கடல் தந்தவை, ஆறு கொண்டுவந்தவை, மனிதர் எறிந்தவை என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லலாம். கடல்நுரை என்று நாம் பொறுக்கும் வெள்ளைத் தகடு கணவாயின் உள் ஓடு என்பதைப் பல பிள்ளைகள் அறிந்திருக்க மாட்டார்கள். சிப்பிகளைப் பார்த்து, எண்ணி, வரைந்து, திரும்ப வைத்துவிட வேண்டும். காலிச் சங்குக்குள் குடியேறும் நண்டுகளுக்கு அது வீடு.

கரையில் வளை தோண்டும் நண்டுகளைக் கணக்குப் பாடமாக்கலாம். நீர்க்கோட்டிலிருந்து மேலே ஒரு கயிற்றை நீட்டிப் போட்டு, கயிற்றின் இருபுறமும் உள்ள வளைவாய்களை விரலால் அளந்து, பெரிய வளைகள் நீருக்கு அருகில் இருக்கின்றனவா தள்ளி இருக்கின்றனவா என்று பட்டியலிடட்டும். விடையை நீங்கள் முன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். கயிறு முடியும் இடத்தில் அடும்புக்கொடி படர்ந்திருக்கும். ஆட்டுக் குளம்புபோல் இரண்டாகப் பிளந்த அதன் இலையையும், காலையில் விரியும் செந்நீலப் பூவையும் காட்டி, கொடியின் கீழே மணல் எப்படிக் கட்டுண்டு மேடாக நிற்கிறது என்பதைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு அடுத்து இராவணன் மீசை என்னும் புல். அதன் முட்பந்து போன்ற விதைக்கொத்து உலர்ந்து காற்றில் உருண்டோடும்போது பிள்ளைகள் அதன் பின்னால் ஓடுவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். எத்தனை அடி உருண்டது, எங்கே சிக்கி நின்றது என்று மட்டும் ஓடி முடித்த பிறகு எழுதச் சொல்லுங்கள். விதை பரவும் விதம் பற்றிய பாடம் முடிந்துவிட்டது.

புதுச்சேரிப் பிள்ளைகள், "கடற்கரைச் சாலையில் ஏன் இவ்வளவு கருங்கல்?" என்று கேட்பது நியாயமான கேள்வி. நம் கரையோரத்தில் மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபோது, அந்த மணல் தெற்குப் பக்கத்தில் தேங்கியது. வடக்கே நகரத்தின் கரைக்கு மணல் வரவில்லை, கரை அரித்தது, அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டப்பட்டது, கல்லுக்கு வடக்கே உள்ள மீனவர் குப்பங்களில் அரிப்பு தொடர்ந்தது. 2018இல் தேசிய கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த செயற்கைப் பாறைத்திட்டு கடலுக்குள் இறக்கப்பட்ட பின் நகரத்தின் ஒரு பகுதிக்கு மணல் திரும்பியது. இவ்வளவையும் சொல்லி விளக்குவதைவிட, அலை சாய்வாக வரும் நாளில் ஈர மணலில் ஒரு பலகையை நீருக்குக் குறுக்கே நட்டு வைத்துப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். ஒரு பக்கம் மணல் ஏறும், மறு பக்கம் பள்ளம் விழும். மீனவ வீட்டுப் பிள்ளைகள் இந்த இடத்தில் ஆசிரியர்களாகிவிடுவார்கள். கடலுக்குள் நீரோட்டம் எப்போது எந்தப் பக்கம் இழுக்கும், வாடைக் காற்றில் என்ன மீன் படும், தெற்கிலிருந்து வீசும் சோழகக் காற்றில் என்ன படும் என்பதெல்லாம் அவர்கள் வீட்டுப் பேச்சு.

அதே பிள்ளைகளை வைத்துக்கொண்டுதான் ஆமையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கிறது. அதில் கவனம் தேவை. பங்குனி ஆமைகள் சனவரி முதல் மார்ச் வரை இரவில் நம் கரைக்கு வந்து, ஒரு குழியில் ஏறக்குறைய நூறு முட்டைகள் இடுகின்றன. நாற்பத்தைந்து முதல் அறுபது நாள்களில் குஞ்சு பொரிக்கும். மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் மிகுதியாகும், குறைந்தால் ஆண் குஞ்சுகள் மிகுதியாகும். இதே மாதங்களில் இறந்த ஆமைகளும் கரையொதுங்கும். ஆமை நுரையீரலால் மூச்சு விடும் உயிரினம் என்பதால், இழுவலையில் நெடுநேரம் சிக்கினால் மூச்சு முட்டி இறந்துவிடும். இதைச் சொல்லும்போது, "மீனவர்கள் கொல்கிறார்கள்" என்று சொல்லிவிட்டால், உங்கள் வகுப்பிலேயே பத்துப் பிள்ளைகள் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் அதன் பிறகு உங்களோடு நடக்க வர மாட்டார்கள். வலையின் அமைப்பையும், ஆமை தப்பிச் செல்ல வலையில் வழிவிடும் கருவியையும், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடையையும் சேர்த்துப் பேசுங்கள். கண்முன் ஆமை வந்தால் வலையை அறுத்து விட்ட அப்பாவின் கதை ஒன்றாவது அந்த வகுப்பில் இருக்கும்.

குஞ்சுகளைக் கடலில் விடும் நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வனத்துறையிடம் கேட்டுப் பார்க்கலாம். கையில் எடுத்துப் படம் பிடிக்கும் ஆசையைப் புறப்படும் முன்பே அடக்கிவிட வேண்டும். குஞ்சுகள் மணலில் தாமே ஊர்ந்து நீரை அடைய வேண்டும், கைப்பேசி வெளிச்சம் கூடாது. குஞ்சு வெளிச்சமான தொடுவானத்தை நோக்கிப் போகும் இயல்புடையது. தெருவிளக்கு அதைவிட வெளிச்சமாக இருந்தால் சாலையை நோக்கிப் போய்விடும். எனவே ஒரு மாலை ஏழு மணிக்குப் பெற்றோருடன் கரையில் நின்று, கடலைப் பார்த்து எரியும் விளக்குகள் எத்தனை, எவருடையவை, எதைத் திருப்பி வைக்கலாம் என்று கணக்கெடுப்பது மிகப் பயனுள்ள வீட்டுப்பாடம்.

ஏரியும் அலையாத்திக் காடும்

உங்கள் இடத்தை ஆறேழு மாதம் பார்த்துப் பழகிய பிறகு ஒருமுறை பேருந்தில் போகலாம். அப்போது பிள்ளைகளுக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று கையில் இருக்கும். 2008இல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஊசுட்டேரிக்கோ, விழுப்புரம் மாவட்டத்தில் 2024இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற கழுவேலிக்கோ செல்வதாக இருந்தால், வலசைப் பறவைகள் தங்கியிருக்கும் திசம்பர், சனவரி மாதங்களில், விடியற்காலையில் போய்ச் சேர்ந்துவிடுங்கள். பெயர்ப்பட்டியலைத் துரத்தாமல் ஆளுக்கொரு பறவையை ஒதுக்கிக் கொடுங்கள். நீர்க்காகத்தைப் பெற்ற பிள்ளை, அது எத்தனை எண்ணும்வரை நீருக்குள் இருக்கிறது, ஏறிய பின் ஏன் இறகை விரித்து நிற்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.

2022 முதல் ராம்சார் பட்டியலில் உள்ள பிச்சாவரம், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்தது. அங்கே சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்குவதையும், வெண்கண்டலின் மூச்சுவேர்கள் சேற்றிலிருந்து பென்சில்களைப்போல் குத்திட்டு நிற்பதையும் படகிலிருந்தே காணலாம். வெண்கண்டல் இலைமேல் உப்பு படிந்திருக்கும் என்று சொன்னவுடன் நக்கிப் பார்க்கக் கை நீளும், விடாதீர்கள். பக்கத்திலேயே தில்லை நிற்கும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும், தோலிலும் கொப்புளம் எழுப்பும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழைய பெயரைத் தந்த மரம் இதுதான் என்று தொலைவிலிருந்து காட்டினால் போதும். 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது அலையாத்திக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை அங்குள்ள படகோட்டிகளிடமே கேட்கச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் படிப்பதற்கும் அவர்கள் சொல்லிக் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைகளின் முகத்தில் பார்க்கலாம்.

மழையைப் பார்த்து நாள் குறிக்கவும்

பள்ளிகளில் நடும் மரக்கன்றுகள் பெரும்பாலும் பட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் சூன் 5. உலகச் சுற்றுச்சூழல் நாள் என்பதற்காக, அக்கினி நட்சத்திரம் முடிந்த கையோடு, மண் கொதித்துக்கொண்டிருக்கும்போது கன்றை நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறோம். கடலூர், புதுச்சேரிக் கரையில் ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. சூன் 5 அன்று விதை சேகரித்து நாற்றங்கால் போடலாம்; நடுவதைப் புரட்டாசிக் கடைசிக்கோ ஐப்பசிக்கோ தள்ளிவையுங்கள். புன்னை, பூவரசு, வேம்பு, நாவல், பனை ஆகியவை இந்த மண்ணுக்குப் பழகியவை.

எது நம் மரம், எது வந்த மரம் என்ற பேச்சு வரும்போது பிள்ளைகளுக்கு வியப்பூட்டச் செய்திகள் உண்டு. பண்ருட்டியின் பலா மேற்குத் தொடர்ச்சி மலைக்குரியது, ஆனால் பக்கத்திலேயே விளையும் முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. புதுச்சேரியின் மாநில மலரான நாகலிங்கமும் தென் அமெரிக்க மரத்தில் பூப்பதே. அம்மாநிலத்தின் பறவையான குயிலும் விலங்கான அணிலும் மரமான வில்வமும் உள்ளூர்க்காரர்கள். சீமைக்கருவேலம் பரவிக் குளங்களை மூடியதையும் முந்திரி பல குடும்பங்களுக்குச் சோறு போடுவதையும் ஒரே வகுப்பில் பேசினால், "வெளிநாட்டு மரம் என்றாலே கெட்டது" என்ற எளிய முடிவுக்குப் பிள்ளைகள் வர மாட்டார்கள்.

புயலுக்குப் பின் பள்ளி திறந்ததும், பாதுகாப்பானது என்று நீங்கள் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு, அதே இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். எந்த மரம் வேரோடு சாய்ந்தது, எது கிளை மட்டும் முறிந்து நின்றது, பனை என்ன ஆயிற்று, கூடுகள் என்ன ஆயின என்று எண்ணட்டும். 2011 திசம்பர் 30இல் தானே புயல் கரையைக் கடந்தபோது முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் சாய்ந்ததைப் பெற்றோர் சொல்வார்கள். அதையும் குறிப்பேட்டில் சேர்க்கலாம்.

சனவரியில் பொங்கல் நாள்களில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் 2015 முதல் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடந்துவருகிறது. ஓரிடத்தில் பதினைந்து நிமிடம் நின்று, கண்ட பறவைகளை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இபேர்டு இணையதளத்தில் ஆசிரியர் பதிவேற்றினால் போதும். விடுமுறையில் பாட்டி வீட்டுக்குப் போகும் பிள்ளையும் அங்கிருந்தே செய்யலாம். பறவை பிடிக்காத பிள்ளைக்கு ஒரு மரத்தைக் கொடுத்து, வாரம் ஒருமுறை தளிர், பூ, காய் ஆகியவற்றைக் குறிக்கச் சொல்லலாம். சீசன்வாட்ச் என்னும் திட்டம் பள்ளிகளுக்காகவே இதை ஒழுங்குபடுத்தித் தருகிறது. பங்குனி, சித்திரையில் வேம்பு பூப்பதும் அதையொட்டிச் சரக்கொன்றை பூப்பதும் எந்த வாரத்தில் என்று நம் பிள்ளைகள் எழுதிவைப்பது உண்மையான அறிவியல் தரவு.

பாம்பும் கூண்டுக்கிளியும்

பாம்பைப் பற்றிப் பேசாமல் வெளியே கூட்டிப்போகக் கூடாது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் படங்களைக் காட்டி, சாரையும் நீர்க்கோலியும் நஞ்சற்றவை என்றும் சொல்லுங்கள். ஆனால் எதையும் அடையாளம் காணும் வேலை பிள்ளைகளுடையது அல்ல, கண்டால் நின்று, பின்வாங்கி, பெரியவரிடம் சொல்வதே அவர்கள் வேலை. கடித்துவிட்டால் இறுகக் கட்டுவதும் கீறுவதும் கூடாது. அசையாமல் படுக்கவைத்து 108க்கு அழைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

எந்த வகுப்பிலும் ஒரு பிள்ளை, "எங்க வீட்ல கிளி வளர்க்கிறோம் சார்" என்று சொல்லும். பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இதை அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேரே, நாற்பது பேர் நடுவில் சொல்ல வேண்டாம். தென்னந்தோப்பில் கிளிக்கூட்டம் அடையும் நேரத்துக்கு எல்லோரையும் அழைத்துச் சென்று, ஒரு கிளி ஒரு மாலையில் எவ்வளவு தொலைவு பறக்கிறது என்று பார்க்க விடுங்கள். பெற்றோரிடம் தனியே பேசிக்கொள்ளலாம்.

கேள்விக்கு விடை தெரியாதபோது, "தெரியாது, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று சொல்லிப் பழகிவிடுங்கள். குறிப்பேட்டுக் கேள்விகளில் பாதிக்கு எனக்கும் விடை தெரியாது. மதிப்பெண் போடாதீர்கள். ஏப்ரலில், ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டாரில் ஒருவரை அழைத்துவந்து அந்த இடத்தைத் தானே சுற்றிக் காட்ட வேண்டும் என்று வையுங்கள். நீங்கள் பின்னால் நடந்து கேட்டுக்கொண்டு வந்தாலே அவர்கள் என்ன கற்றார்கள் என்பது தெரிந்துவிடும். குறிப்பேடுகளை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டு, சூன் மாதத்தில் அடுத்த வகுப்பு அங்கே முதல் முறை நடக்கப் போகும் நாளன்று ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். கரிச்சானைக் கண்டு காக்கை ஏன் ஓடியது என்ற கேள்வி யார் கையிலாவது கிடைக்கும்.